தூண்கள்ளியும் அதன் பெயர்ச்சீட்டும்

கள்ளிச்செடி வளர்ப்பவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு விரைவில் ஒப்பீட்டில் வந்து நிற்கும். ஒருவர் தம் செடியின் தண்டு திருகாணியைப் போல முறுக்கிக்கொண்டு உயர்வதைக் காட்டுவார். மற்றொருவர் தம்மிடம் உள்ளது உருகி வழிந்த மெழுகுவத்தியைப் போலக் கட்டிகட்டியாக வளர்வதாகச் சொல்வார். முள்ளே இல்லாத செடி தம்மிடம் இருப்பதாக மூன்றாமவர் பெருமைப்படுவார். மூவரும் பேசுவது ஒரே பேரினத்தைச் சேர்ந்த தூண் வடிவக் கள்ளிகளைப் பற்றித்தான். செரியஸ் என்பது அந்தப் பேரினத்தின் பெயர். விரைவாக வளர்வதாலும் வெட்டி நட்டால் எளிதில் வேர்விடுவதாலும் உலகின் பல நாடுகளில் அது வீட்டுச் செடியாகிவிட்டது.

இந்த ஒப்பீட்டுப் பேச்சு பொழுதுபோக்காகத் தொடங்கினாலும் பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. எதை வாங்குவது, எதைப் பெருக்குவது, எதைத் தூக்கி எறிவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. அப்படியிருக்க, இன்று நடைபெறும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை செடியை விட்டுவிட்டு அதன் பெயரையும் விலையையுமே ஒப்பிடுகின்றன. இது மாற வேண்டும்.

முதலில் 'கள்ளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் சதுரக்கள்ளியும் கள்ளிதான், சப்பாத்திக்கள்ளியும் கள்ளிதான். ஆனால், தாவரவியலில் இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். சதுரக்கள்ளியின் தண்டைக் கீறினால் வெண்ணிறப் பால் வடியும். அது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. செரியஸ் இதன் உறவே. செடிக்கடைகளில் தூண் போல நிமிர்ந்து நிற்பவை எல்லாம் ஒரே அடுக்கில் வைக்கப்படுவதால், பால் வடியும் ஆப்பிரிக்கச் செடியைச் செரியஸ் என்று எண்ணி வாங்கிச் செல்வோரும் உண்டு. அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும் என்பதால் இந்தக் குழப்பத்தைச் சிறியதென்று விட்டுவிட முடியாது. அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. அமெரிக்கக் கள்ளிகளில் முட்கள் ஒரு சிறிய பஞ்சுமெத்தை போன்ற புள்ளியிலிருந்து கொத்தாகத் தோன்றும். பால் வடியும் செடிகளில் அந்தப் பஞ்சுப்புள்ளி இராது.

செரியஸ் பேரினத்துக்குள்ளேயும் பெயர்க் குழப்பம் தொடர்கிறது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஒரு தூண்கள்ளிக்குப் பெரு நாட்டைச் சுட்டும் 'பெருவியானஸ்' என்ற சொல்லைப் பெயரின் பகுதியாக வைத்தார். அதே நூலில் வேறொரு கள்ளிக்கு 'ரெபண்டஸ்' என்று பெயரிட்டார். செடிச்சந்தையில் இன்றும் கோலோச்சுவது 'பெருவியானஸ்' என்ற பெயர்தான். ஆனால், செரியஸ் ரெபண்டஸ் இயற்கையாக வளர்வது வெனிசுவேலாவிலும் அதன் அருகிலுள்ள குராசாவ், அருபா, பொனேர் தீவுகளிலும் ஆகும். குராசாவ் மக்கள் அதைக் 'கடுஷி' என்று அழைத்து, அதன் தண்டின் சதையைக் கொண்டு கொழகொழப்பான சூப் சமைக்கிறார்கள். 'பெருவியானஸ்' என்ற சீட்டோடு வீடுகளில் நிற்கும் செடிகளில் பல, உண்மையில் தென்பிரேசில், உருகுவே, பராகுவே, அர்ஜென்டினா பகுதிகளுக்குரிய செரியஸ் ஹில்ட்மனியானஸ் என்ற வேறோர் இனம். ஊர்ப்பெயரே தவறாகிவிட்ட சீட்டை நம்பி, 'என்னுடையது அசல் பெருவியானஸ்' என்று ஒருவர் வாதிட்டால் அதில் என்ன பொருள் இருக்க முடியும்?

இனி வளர்ப்பு வகைகளுக்கு வருவோம். மனிதர் தேர்ந்தெடுத்து, அதே பண்பு மாறாமல் பெருக்கிக் காத்துவரும் செடிகளே வளர்ப்பு வகைகள் எனப்படுகின்றன. செரியஸில் பெரும்பாலும் தண்டை வெட்டி நட்டே இவை பெருக்கப்படுகின்றன. 'மான்ஸ்ட்ரோசஸ்' என்று அழைக்கப்படும் வடிவத்தில் தண்டின் வளர்முனை ஒழுங்கிழந்துவிடுகிறது. சாதாரண செரியஸ் தண்டில் மேலிருந்து கீழ்வரை சீராக ஓடும் முகடுகள், இதில் உடைந்து கட்டிகளாகவும் மேடுபள்ளங்களாகவும் மாறிவிடும். செரியஸ் ஃபோர்பேசி என்ற இனத்தின் முறுக்கு வடிவம் 'ஸ்பைராலிஸ்' எனப்படும். விதையிலிருந்து வளரும் நாற்று சற்று உயர்ந்த பிறகே முறுக்கு தென்படத் தொடங்கும்; முறுக்கின் திசை ஒரே செடியில் மாறுவதும் உண்டு. 'மிங் திங்' என்னும் வகை நீலப்பச்சை நிறத்தில் குமிழ்குமிழாக, மெல்ல வளரும். வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்தில் மண்டக்காரு என்று புகழ்பெற்ற செரியஸ் ஜமக்காரு மரம் போல உயரும். கொடும் வறட்சியில் அங்குள்ள உழவர்கள் அதன் முட்களைத் தீயில் பொசுக்கிவிட்டு மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுக்கிறார்கள். அது பூத்தால் மழை வரும் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. அந்த முரட்டுக் கள்ளிக்கும் முள் மிகக் குறைந்த ஒரு வளர்ப்பு வகை தோட்டங்களில் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதுவே ஏற்றது.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உண்மையிலேயே இன்பமானது. சிக்கல் எங்கே எழுகிறது என்றால், வேறுபாடு இவ்வளவு வெளிப்படையாக இல்லாத செடிகளில்தான். 'என்னுடையதில் முள் குட்டை, உன்னுடையதில் நீளம்', 'என்னுடையது நீலம், உன்னுடையது பச்சை' என்ற அளவிலான வேறுபாடுகளைக் கொண்டு புதிய வகை ஒன்று பிறந்துவிட்டதாக அறிவிப்பவர்கள் இருக்கிறார்கள். தூண்கள்ளியின் தோற்றத்தை அதன் மரபுப்பண்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் தண்டின் நுனி வெளிறி மெலிந்து, முட்கள் குட்டையாகும். நல்ல வெயிலில் அதே தண்டு பருத்து, முட்கள் வலுப்பெறும். நீலச் சாயலைத் தருவது தண்டின் மேலுள்ள மெழுகுப் படலம். கைவிரல் பட்டாலோ எண்ணெய் கலந்த பூச்சிமருந்து தெளித்தாலோ அது போய்விடும். நீர் குறைந்தால் முகடுகள் கூர்மையாகி, நடுவிலுள்ள பள்ளங்கள் ஆழமாகும். நீர் கிடைத்ததும் தண்டு உப்பிப் பள்ளம் நிரவிவிடும். இளஞ்செடியின் முள்ளும் முதிர்ந்த செடியின் முள்ளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே, அரிசோனாவின் வறண்ட வெயிலில் நிற்கும் செடியின் படத்தையும், சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டு நடைவழியில் அரைநிழலில் நிற்கும் செடியையும் அருகருகே வைத்து 'இவை இரு வகைகள்' என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டும் ஒரே தாய்ச்செடியின் துண்டுகளாகவும் இருக்கலாம்.

சரியான ஒப்பீடு கடினமானதன்று; பொறுமைதான் தேவை. இரு செடிகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தடிமனும் நீளமும் உள்ள துண்டுகளை வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பிறகு ஒரே அளவுத் தொட்டியில், ஒரே மண்கலவையில் நட வேண்டும். ஒரே இடத்தில் வைத்து, ஒரே நாளில் நீர் ஊற்ற வேண்டும். வேர்விட்ட பின் புதிதாக வளர்ந்த பகுதியை மட்டுமே பார்க்க வேண்டும். பழைய பகுதி பழைய வீட்டின் வெயிலையும் நிழலையும் சுமந்துகொண்டிருக்கும். முகடுகள் எத்தனை, இரு முட்புள்ளிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர், ஒரு புள்ளியில் முட்கள் எத்தனை, நீளமான முள் எவ்வளவு என்பவற்றை எழுதி வைத்தால் போதும். ஓராண்டுக்குப் பிறகும் வேறுபாடு நிலைத்திருந்தால் அதைப் பேசலாம். வேறுபாடு மறைந்துவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பலர் செய்வதில்லை. புதிய பெயருக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்கு 'இரண்டும் ஒன்றுதான்' என்று ஒப்புக்கொள்ள மனம் வருவது கடினம்.

'இது ஆய்வுக்கூடமா? மகிழ்ச்சிக்காகச் செடி வளர்ப்பவரிடம் அளவுகோலைக் கொடுப்பது முறையா?' என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஒரே ஒரு செடியைச் சன்னலோரம் வைத்து அதன் வடிவை ரசிப்பவருக்கு இந்த அளவீடுகள் எதுவும் வேண்டியதில்லை. ஆனால், அவர் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது அவர் செடியோடு சேர்த்து ஒரு தகவலையும் கொடுக்கிறார். அத்தகவல் தவறானால் இழப்பு மற்றவருக்கு.

பழத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது தெளிவாகும். செரியஸ் செடியின் வெண்ணிறப் பூ இரவில் மலர்ந்து மறுநாள் காலையில் வாடத் தொடங்கிவிடும். அதன் தாயகத்தில் இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. காய் பழுத்தால் தோல் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். தோலில் முள் இராது, உள்ளே வெண்ணிறச் சதையும் சிறு கறுப்பு விதைகளும் இருக்கும், இனிப்பாகச் சாப்பிடலாம். ஆனால், செரியஸ் பெருவியானஸ் என வளர்க்கப்படும் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட இன்னொரு செடியின் மகரந்தத்தையும் ஏற்காது. மரபளவில் அதுவும் அதே செடிதான். பழம் வேண்டுமானால், மரபில் வேறுபட்ட இரண்டு செடிகள் ஒரே இரவில் பூக்க வேண்டும்.

இரு வேறு கடைகளில், இரு வேறு பெயர்களில் இரண்டு செடிகளை வாங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரண்டும் பூக்கும் அளவுக்கு வளரும்வரை அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். பூக்கும் இரவில் விழித்திருந்து, மெல்லிய தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் தடவுகிறார். சில நாள்களில் பூக்காம்பு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லையோ, நீர் மிகுந்துவிட்டதோ என்று அவர் குழம்புகிறார். உண்மையில், இரு பெயர்களுக்குப் பின்னால் இருந்தது ஒரே செடி. பொய்ச்சீட்டு அவரிடமிருந்து பறித்துக்கொண்டது பணத்தைவிட, திரும்பப் பெறமுடியாத அந்த ஆண்டுகளையே. வெறும் அழகுக்காக என்று கருதப்படும் வகை வேறுபாடு, இங்கே பழம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதை நன்கு உணர்ந்து செயல்பட்டவர்கள் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஆய்வு செய்த அறிவியலாளர்கள். பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர்கள் 1980களில், நீர் குறைந்த நிலத்துக்கு ஏற்ற புதிய பழப்பயிராகச் செரியஸை வளர்த்துப் பார்த்தார்கள். விதையிலிருந்து முளைத்த பல செடிகளை ஒரே தோப்பில் வளர்த்து, பழத்தின் அளவையும் சுவையையும் விளைச்சலையும் ஒப்பிட்டுச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துத் தண்டுத்துண்டுகளால் பெருக்கினார்கள். அப்பழம் 'கூபோ' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. வீட்டில் நான்கு தொட்டிகள் வைத்திருப்பவரும் சிறிய அளவில் இதே வேலையைச் செய்ய முடியும்.

பெயரிடுவதற்கும் விதிகள் உண்டு. வளர்ப்புத் தாவரங்களுக்கான அனைத்துலகப் பெயரிடல் விதித்தொகுப்பின் முதற்பதிப்பு 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி வளர்ப்பு வகையின் பெயர் ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்படும். 1959க்குப் பிறகு சூட்டப்படும் வகைப்பெயர்கள் லத்தீன் மொழியில் அமையக்கூடாது. காட்டில் வளரும் இனத்தின் பெயரோடு கலந்துவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம். செடிக்கடைச் சீட்டுகளில் இந்த விதி மதிக்கப்படுவது அரிது. இது போதாதென்று, கணினிக்கு அருகில் வைத்தால் இத்தூண்கள்ளி கதிர்வீச்சை உறிஞ்சிவிடும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. அச்சீட்டில் வகையின் பெயரையாவது ஒழுங்காக எழுதியிருக்கலாம்!

சரியான பெயர் இருந்தும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கட்டிகட்டியாக வளரும் 'மான்ஸ்ட்ரோசஸ்' செடியில் சில வேளைகளில் சாதாரணத் தூணைப் போல நேரான கிளை ஒன்று முளைக்கும். அது மற்ற பகுதிகளைவிட விரைவாக வளர்ந்து செடியையே மூடிவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அதை வெட்டிவிடுவார்கள். வெட்டிய கிளையை நட்டால் வேர்விடும். அதற்கும் 'மான்ஸ்ட்ரோசஸ்' என்றே சீட்டு எழுதி விற்றால், பெயரளவில் அது பொய்யன்று. வாங்குபவருக்குக் கிடைப்பது மட்டும் வேறு. வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 'இது திரும்பிவிட்ட கிளை' என்று ஒரு வரி கூடுதலாக எழுத அதிக நேரம் ஆவதில்லை.

துண்டு பரிமாறிக்கொள்ளும் பழக்கத்தில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தண்டோடு சேர்ந்து பூச்சியும் பயணம் செய்யும். தென்னாப்பிரிக்காவில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செரியஸ் கள்ளி, தோட்டத்தைத் தாண்டிக் காட்டில் பரவிக் களையாயிற்று. அதைக் கட்டுப்படுத்த, கள்ளியின் வளர்முனையைத் தாக்கி உருக்குலைக்கும் ஒரு மாவுப்பூச்சியை அங்கே 1980களில் வேண்டுமென்றே விட்டார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு அது உதவி. ஆனால், அதற்கு மிக நெருங்கிய உறவான மாவுப்பூச்சி இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்குள் நுழைந்து, அத்தீவுக்கே உரிய தூண்கள்ளிகளை வாட்டத் தொடங்கியது. ஆகவே, புதிதாக வந்த துண்டைச் சில வாரங்கள் தனியே வைத்து, வளர்முனையில் வெண்பஞ்சு போன்ற படிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றச் செடிகளோடு சேர்க்க வேண்டும். வேண்டாத துண்டுகளைக் காட்டோரம் வீசிவிடுவதும் கூடாது.

இவ்வளவு கவனம் எதற்காக என்ற கேள்விக்கு, தோட்டத்துக்கு வெளியே உள்ள நிலைமையும் ஒரு விடையைத் தருகிறது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு ஒன்று 1,478 கள்ளி இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கண்டது. ஆபத்தில் உள்ள இனங்களுள் 47 விழுக்காட்டை, அழகுச்செடி வணிகத்துக்காகவும் தனியார் சேகரிப்புக்காகவும் காட்டிலிருந்து எடுக்கும் செயல் பாதிக்கிறது. கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதையும் சைட்ஸ் என்னும் அனைத்துலக வணிக உடன்படிக்கை கண்காணிக்கிறது. சட்டம் எல்லைச்சாவடியில் வேலை செய்யும். ஆசை வீட்டில் வேலை செய்யும். புதுமை வேண்டும் என்ற ஆசை, தோட்டத்தில் பெருக்கப்பட்ட முறுக்கு வடிவையும் குமிழ் வடிவையும் கொண்டு நிறைவடைந்தால் காட்டுச்செடி ஒன்று பிழைக்கும். அதற்கு, தோட்டத்துச் செடி எங்கிருந்து வந்தது என்ற வரலாறு சீட்டில் இருக்க வேண்டும். வரலாறு இல்லாத செடி தோட்டத்தில் பிறந்ததா, காட்டிலிருந்து திருடப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரே தாய்ச்செடியின் துண்டுகளாக மட்டுமே வாழும் வகை, எண்ணிக்கையில் ஆயிரமாக இருந்தாலும் மரபில் ஒன்றே. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். ஒரே வீட்டில் இருந்தால், ஒரு மழைக்காலத்து அழுகலோடு முடிந்துபோகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தூண்கள்ளி வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று; தொடர்மழையில் அடித்தண்டு பழுப்பாகி நெகிழ்வதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஆகவே, அரிய வகை வைத்திருப்பவர் அதைத் தாமே வைத்துக்கொண்டு விலையை உயர்த்துவதைவிட, மூன்று நான்கு பேருக்குப் பெயரோடு பகிர்ந்து கொடுப்பது அவருக்கே பாதுகாப்பு. தம் செடி அழுகிய நாளில் அவர் யாரிடம் போய்க் கேட்பது?

சாதாரண, நேரான, பச்சைத் தூணை யாரும் இந்தப் பேச்சில் நினைப்பதில்லை. முறுக்கும் குமிழும் இல்லாததால் அதற்கு வகைப்பெயரும் இல்லை. பெயர் இல்லாததால் விலையும் இல்லை. ஆனால், விதையிலிருந்து வளர்ந்த இரண்டு சாதாரணத் தூண்கள் ஒரு வீட்டில் இருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் அவை இரு வேறு செடிகள் என்பது உறுதி. இரண்டும் ஒன்றாகப் பூக்கும் இரவில் தூரிகையை எடுப்பவருக்குப் பழம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. புதிதாக வளர்க்கத் தொடங்கும் மாணவருக்கு விலையுயர்ந்த வகையைக் காட்டிலும் இந்த விதைநாற்றுகளே ஏற்றவை.

எதை வளர்த்தாலும் சீட்டை நட்ட அன்றே எழுத வேண்டும். கிடைத்த பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்த நாள், விதையா துண்டா என்ற நான்கு செய்திகள் போதும். பேனா மை வெயிலில் சில மாதங்களில் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து நெடுநாள் நிற்கும். பிளாஸ்டிக் சீட்டு வெயிலில் உடையக்கூடியது என்பதால், பழகிய வளர்ப்பாளர்கள் இரண்டு சீட்டுகள் எழுதுகிறார்கள். ஒன்றைத் தொட்டியின் ஓரத்தில் செருகுகிறார்கள். மற்றதை மண்ணுக்குள், வேருக்கு அருகில் புதைத்து வைக்கிறார்கள்.